ஸ்கிரீனில் இல்லாத வரி

டெலிபோன் அலறியது.

மேனேஜர் எடுத்தார். "அஞ்சு மணிக்கு லாரியைக் கொண்டா. இப்ப ஆள் இருக்காங்க." டொக்!

எதிரே இன்ஸ்பெக்டர். பக்கத்தில் பிரிண்டர் மெக்கானிக் ஒருவன். நேற்றுக் காலை இந்த மருந்துக் கிடங்குக்கு வேலைக்கு வந்த அவன் மனைவி இன்னும் வீடு திரும்பவில்லை. அழுது அழுது கண் இரண்டும் கோவைப்பழம்.

"சார்... அவ சொல்லாம எங்கயும் போக மாட்டா சார்!"

"போயிட்டாங்களே!" மேனேஜர் மானிட்டரைத் திருப்பினார். "இன்னைக்குக் காலைல ஒம்பது மணிக்கு அவங்க அனுப்பின ஸ்டாக் ஷீட். 'வேலையை விடுறேன், தேடாதீங்க'ன்னு மெயில்லயே எழுதியிருக்காங்க."

"புருஷன் பொண்டாட்டி சண்டை... ஃபைலை மூடிடலாம்." இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். "அந்த ஷீட்ல ஒரு காப்பி எடுத்துக் குடுங்க."

பிரிண்டர் உறுமியது.

கர்மம்! சிவப்புத் தலைப்பையே காணோம். கலர் வரைபடம் வெளிறிப்போய்க் கோடு கோடாக...

"கலர் இங்க் தீர்ந்துடுச்சு. நாளைக்கு அனுப்பறேன் சார்." மேனேஜர் ஷீட்டை மூடப் போனார்.

"இருங்க!" அவன் பாய்ந்தான். "அவ கடைசியா செஞ்ச வேலை சார்! நான் சரி பண்ணித் தர்றேன்... உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்!"

மௌஸைப் பிடித்தான். பேஜ் செட்டப்... ஷீட்... 'பிளாக் அண்ட் ஒயிட்'. டிக்!

இந்த முறை தலைப்பு பளிச்சென்று விழுந்தது. ஆனால் இன்ஸ்பெக்டரின் புருவம் சுருங்கியது.

"என்னய்யா... ஸ்கிரீன்ல இல்லாத வரியெல்லாம் கடைசில வந்திருக்கு? இதுவும் கோளாறா?"

அவன் படித்தான். அவளே எழுதியது!

'மேனேஜர் காலாவதி மருந்துல புதுத் தேதி ஒட்றான். பாத்துட்டேன். பின்னாடி பழைய லிப்ட் ரூம்ல அடைச்சு வெச்சிருக்கான். அஞ்சு மணி லாரில என்னை ஏத்தினா உயிரோட திரும்ப மாட்டேன்.'

மணி நாலு ஐம்பது!

"வெள்ளை எழுத்து சார்! ஸ்கிரீன்ல தெரியாது. கறுப்பு வெள்ளைன்னு டிக் போட்டா எல்லா எழுத்தும் கறுப்பாத்தான் விழும்!"

மேனேஜர் கதவுக்கு ஓடினார். இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் கால் குறுக்கே நீண்டது. தொபீர்!

நான்காவது உதையில் லிப்ட் ரூம் கதவு பிளந்தது. கை கால் கட்டப்பட்டு, உதடு வெடித்து... ஆனால் உயிரோடு இருந்தாள்.

அவன் ஓவென்று அழுதான்.

"கழுத்துல கத்தி வெச்சு ஷீட்டை அடிக்கச் சொன்னான்ங்க. வரி வரியா படிச்சுட்டுத்தான் அனுப்பினான்."

"நான் வந்து டிக் போடுவேன்னு எந்த தைரியத்துலடி எழுதினே?"

"நீங்க தேடி வருவீங்க... பிரிண்டரைப் பாத்தா கை சும்மா இருக்காது. அப்புறம்..." வறண்ட உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நம்ம கல்யாணப் பத்திரிகையையே இங்க் வீணாகும்னு கறுப்பு வெள்ளைல அடிச்ச மகராசனாச்சே!"