ஊர்த்தண்ணீரும் கோயில் தண்ணீரும்

ஒவ்வொரு ஷிஃப்டும் தொடங்கும்போது, ஊருக்குப் போகிற தண்ணீரைப் பொறுப்பாளர் ஒரு குவளை குடித்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் நிலையத்து விதி. கடல்நீரின் உப்பை நீக்கி, அதில் ‘நிறுத்தி’ என்கிற கருத்தடை மருந்தை அளவூட்டி வழியாகச் சேர்த்து, புதுத்துறை நகரத்துக்கு அனுப்புகிற நிலையம் அது. பதினோரு வருஷமாகக் காலை ஷிஃப்டுக்கு நான்தான் பொறுப்பாளர். பதினோரு வருஷமாக என் குவளையைக் குடித்துவருவது உதவியாளன் மாரியப்பன். “அண்ணாச்சி, உங்களுக்கும் சேத்துக் குடிச்சு என் வயிறு ஊதிப்போச்சு” என்பான். அவன் குடித்ததும், நான் குடித்ததாகக் கைரேகை வைப்பேன்.

நாங்கள் கத்தோலிக்கர், கருத்தடை எங்களுக்குப் பாவம். புருஷன் பெண்டாட்டி இருவரில் ஒருவர் தினமும் அந்தத் தண்ணீரைக் குடித்தால் போதும், கரு உண்டாகாது. கடல் பாதி ஊரை எடுத்துக்கொண்ட பிறகு, மிச்ச நிலத்துக்கு இத்தனை தலைதான் என்று வந்த சட்டம் இது. பிள்ளை வேண்டுபவர்கள் இருவருமாக மனுப் போட்டு மருந்தில்லாத் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் பங்குச் சனம் மட்டும் நீதிமன்றம் வரை போய், சந்தியாகப்பர் கோயில் முற்றத்தில் மருந்து கலக்காத தனிக்குழாய் ஒன்றை வாங்கிவிட்டது. காலைப் பூசை முடிந்ததும் ஆளுக்கொரு கேனோடு வரிசையில் நிற்போம். வெளியே ஒரு டீ குடிக்க வழியில்லை. கல்யாண வீட்டில் ரசம் ஊற்றிக்கொள்ளக்கூட யோசிப்போம். இடுப்பில் பாட்டில் தொங்கினால் ஊரில் யாரும் பெயர் கேட்பதில்லை, கோயில்காரன் என்று தெரிந்துவிடும்.

ஊருக்கெல்லாம் மருந்து கலக்கிறவன் தன் வீட்டில் ஒரு சொட்டு விடமாட்டானாம் என்று நிலையத்தில் என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. நானும் சிரித்துவைப்பேன். வேலைக்குச் சேரும்போதே பங்குச்சாமியாரிடம் கேட்டுவிட்டேன். “சட்டம் போட்டது நீ இல்லையே, ரெமிஜியுஸ்” என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன்.

என் மனைவி டெல்பினுக்கு அப்படி ஓட்ட முடியவில்லை. எங்கள் மூன்றாவது பிள்ளை, திருச்சபை அனுமதித்த நாள்கணக்கைக் கவனமாகப் பார்த்தும் வந்தவன். அந்தப் பிரசவத்தில் அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவே இல்லை. “இன்னொண்ணு உண்டானா இவங்க பிழைக்க மாட்டாங்க” என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நாள்கணக்கை நம்பப் பயந்து அன்றிலிருந்து நான் கூடத்தில் பாய் விரித்தேன். விரதம் இருப்பதுதான் நேரான வழி என்று சாமியாரும் சொன்னார். இரண்டு வருஷம் போயிற்று.

ஒருநாள் காலையில் டெல்பின் அடுக்களைக் குழாயில் டம்ளரைப் பிடித்தாள். பாத்திரம் கழுவ மட்டும் நாங்கள் திறக்கிற குழாய் அது.

“டெல்பின், அது ஊர்த்தண்ணி.”

“தெரியும். நேத்தும் இதத்தான் குடிச்சேன்.”

“பாவம்ட்டி அது.”

“மூணு பிள்ளையளையும் விட்டுட்டு நான் சாவுறது புண்ணியமாக்கும்?”

“அதுக்குத்தானே தள்ளிப் படுத்திருக்கேன்.”

“எனக்குப் புருஷன் வேணும்ங்க. கூடத்துல வாடகைக்கு ஒரு ஆளு வேண்டாம். ஊருக்கே ஊத்திக் குடுக்குதிய, எனக்கு ஒரு டம்ளரு ஆகாதோ?”

அவள் அறைக்கதவு அதன்பிறகு திறந்தே கிடந்தது. நான் போகவில்லை. போகாதது விசுவாசத்தாலா வீம்பாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் எதையும் ஒளிக்கவில்லை. பாவத்தோடு இருப்பவர்கள் பூசையில் சாமியார் தருகிற நன்மை அப்பத்தை வாங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சே எழுந்து நன்மை வாங்கப் போகும்போது, முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்பாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பு வாங்கலாமே என்றேன். “இனிமே குடிக்க மாட்டேன்னு சாமிகிட்டப் பொய் சொல்லி வாங்குத நன்மை எனக்கு வேண்டாம்” என்றாள். எங்கள் பங்கில் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. யார் யார் என்று பார்த்துமட்டும் வைத்துக்கொள்வார்கள்.

அப்படியே ஆறு மாதம் போனபோது மூத்தவள் செரினுக்கு, முதன்முதலாக நன்மை வாங்குகிற புதுநன்மைத் திருநாள் வந்தது. அம்மா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமுமாக நடந்துபோய்ப் பிள்ளையோடு நன்மை வாங்குவது வழக்கம். வெள்ளை கவுனை உடம்பில் வைத்து அளவு பார்த்துக்கொண்டே, “அன்னைக்காவது வருவியாம்மா?” என்று கேட்டாள் செரின். டெல்பின் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே இருந்தாள், நூல் நுழையவே இல்லை. எனக்குத் தாங்கவில்லை.

“நீ அந்தத் தண்ணிய விட்டுரு. பாவசங்கீர்த்தனம் பண்ணு. இனி நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

“என்னத்தப் பாத்துக்கிடுவிய?”

“பாத்துக்கிடுதேன்னா விடேன்.”

பிள்ளைக்காக ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் மாரியப்பன் குடிக்க எடுத்த குவளையை நான் வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். அவன் வாயைப் பிளந்தான். கோயில் தண்ணீருக்கும் அதற்கும் ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை. பாவத்தை ஒருவர் செய்தால் போதுமே, அது நானாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவள் மனச்சாட்சி சுத்தமாக இருக்கும். திருநாள் முடிந்ததும் நானும் அறைக்குப் போகலாம். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புதுநன்மை அன்று எங்கள் பெஞ்சு எழுந்தது. செரின் என் விரலைப் பிடித்து இழுத்தாள். “அம்மாகூடப் போம்மா” என்று நான் உட்கார்ந்தே இருந்தேன். டெல்பின் திரும்பிப் பார்த்தாள். ஆறு மாதம் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பிள்ளையோடு போய் நன்மை வாங்கிவிட்டு வந்து முழந்தாளிட்டாள். பூசை முடியும்வரை என் பக்கம் அவள் முகம் திரும்பவில்லை.

வீட்டில் விருந்தாளிகள் கேக் தின்றுகொண்டிருந்தார்கள். என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“எத்தன நாளா?”

“பன்னண்டு நாளா. உனக்காகத்தான். பாவம் எம்மேல இருக்கட்டும், நீ சுத்தமா இரு.”

அவள் கண் கலங்கியது. நன்றி என்று நினைத்தேன். எத்தனை பெரிய மடையன் நான்!

“எம் பாவத்தச் சுமங்கன்னா உங்களக் கேட்டேன்? அது பாவமில்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்கன்னுதானே கேட்டேன். நான் உசுரோட இருக்கணும்னு நெனைக்கது பாவம்னு இன்னமும் நம்புதிய. நம்பிக்கிட்டே எம் பக்கத்துல வந்து படுப்பியளோ?”

குழாயைத் திறந்து இரண்டு டம்ளர் நிறைத்தாள். ஒன்றை என்முன் வைத்தாள். அன்று காலைதான் நன்மை வாங்கிய வாயால் மற்றதை நின்ற நிலையில் குடித்து முடித்தாள்.

“ஒளிஞ்சு குடிச்சது போதும். எம் முன்னால குடிங்க. பாவம்னு நெனைக்காம ஒரே ஒரு வாய்.”

டம்ளரை எடுத்தேன். நிலையத்தில் பன்னிரண்டு நாள் மடமடவென்று குடித்த அதே தண்ணீர்தான். வாயில் வைத்தது தொண்டைக்குள் இறங்கவில்லை. டெல்பின் பார்த்துக்கொண்டே நின்றாள்.