நூல் தண்ணீர்

அர்தபீலில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நடுப்பகல். வெளிச்சம் என்னவோ பொழுது சாயும் நேரத்து வெளிச்சம்தான். சபலான் மலைப் பக்கமிருந்து விடாமல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் தங்கை சேவிலுக்குப் பெண் குழந்தை பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவள் வந்திருப்பாள். இல்லாததால் மேஷ்கின்னில் இருக்கும் என் தையல் கடையைப் பூட்டிவிட்டு நான் வந்தேன்.

அவர்கள் புதிதாகக் குடிவந்திருந்தது ஒரு பழைய செங்கல் வீடு. படுக்கையறை தெற்கே, சமையலறை வடக்கே, நடுவில் வெயிலே பார்க்காத நீளமான நடை. தண்ணீர்க் குழாய் முற்றத்திலிருந்து கிளம்பி, வடக்குச் சுவரின் வெளிப்பக்கமாக ஓடிச் சமையலறைக்குள் நுழைந்தது. குழாயை அப்படி வெளியே விட்ட மகராசன் நிச்சயமாக இந்த ஊர்க்காரனாக இருக்க முடியாது.

சேவிலின் கணவன் எல்தார் முற்றத்தில் மீட்டர் குழியின் முன்னால் மண்டியிட்டிருந்தான். மீட்டரைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, அதன்மேல் இரண்டு பழைய கோட்டு, அதன்மேல் வைக்கோல் என்று அடைத்துக்கொண்டிருந்தான்.

“பெத்தவ உள்ள கிடக்கா. நீங்க மீட்டருக்குக் கம்பளி போத்திவிட்டுட்டு இருக்கீங்க. ரொம்ப நல்லாருக்கு மாப்ள!” என்றேன்.

“வாங்க மதினி. எந்தக் குளிருக்கும் உங்க வாய் மட்டும் உறையாது போலிருக்கு. இது வெடிச்சா உங்க தங்கச்சிக்கு வெந்நி கிடையாது, பாப்பா துணி அலச வழி கிடையாது. ரோடே அடைச்சுக் கிடக்கு, ரிப்பேருக்கு எவன் வருவான்?”

அவன் சொன்னது நியாயம்தான். குழியைப் பலகையால் மூடிவிட்டு, சுவரோரக் குழாயையும் கிழிந்த ஜமுக்காளத் துண்டுகளால் சுற்றியிருந்ததைக் காட்டினான். சமையலறை மூலையில் மட்டும் ஒரு முழம் குழாய் சுவருக்குள் கையெட்டாமல் மாட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரே வழி, குழாயை நூல் அளவு திறந்து விடுவது. ஓடுகிற தண்ணீர் உறையாது. ரேடியோவிலும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அதற்குத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்தில், பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஈரல் திருட வருகிற அந்தப் பேய்ப்பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டோம். பெற்றவளின் ஈரலை எடுத்துக்கொண்டு அவள் தண்ணீரைத் தேடிப் போவாள். ஓடுகிற தண்ணீர் விழும் இடத்தில் முக்கி அலசுகிற வரைக்கும் பெற்றவளுக்கு உயிர் இருக்கும். அலசிவிட்டால் முடிந்தது. அதனால் ஆறு நாளைக்கு விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் தண்ணீர் ஓடக் கூடாது. தலைமாட்டில் இரும்பு இருந்தால் அவள் அறைக்குள்ளேயே வரமாட்டாள். சேவிலின் தலைமாட்டில் கபாப் கம்பியில் வெங்காயங்களைக் குத்தி நான்தான் சாய்த்து வைத்தேன்.

“பொழுது சாஞ்சா குழாயை மூடிடணும் மாப்ள.”

“மதினி, வெளியில மைனஸ் இருபத்தஞ்சு.”

“அது எனக்குத் தெரியாதா? மூடுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே மூடினான். விடிந்ததும் பார்த்தால் குழாய் உறைந்து கிடந்தது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றியும், தலைமுடி உலர்த்தும் மிஷினைப் பிடித்தும் உருக்குவதற்குள் மதியமாகிவிட்டது. அதுவரை பனியை அள்ளி வந்து சட்டியில் உருக்கித்தான் குழந்தையின் துணியை அலசினேன்.  

அன்று சாயங்காலம் கேஸ் அழுத்தம் குறைந்து ஹீட்டரில் நீலச் சுடர் சுருங்கிவிட்டது. சேவிலுக்கு லேசாகக் காய்ச்சல். குழந்தையை மார்பில் போட்டுத் தூங்க வைத்துக்கொண்டு, நெய்யில் வறுத்த மாவுக் களி வேண்டும் என்றாள். அதை அடுப்பில் வைத்துவிட்டு, முற்றத்துத் தாழ்வாரத்தில் கிடந்த குழந்தைத் துணிகளை எடுக்கப் போய்த் திரும்பினேன்.

நடை இருட்டாக இருந்தது. கடைசியில் சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம்.

சத்தம் என்று சொல்வதற்கில்லை. ஒரு நூல் இழுபடுவது போல அத்தனை மெல்லியது. எல்தார் எனக்குத் தெரியாமல் திறந்து விட்டிருக்கிறான் என்று கோபம் வந்தது. கதவைத் தள்ளினேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் ஒருத்தி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் குனிந்து நின்றாள். ஈரத் தலைமுடி இடுப்புவரை தொங்கியது.

“அடியே, படுத்துக் கிடன்னு சொன்னா கேக்க மாட்டியா? இந்தக் குளிர்ல தலைக்கு வேற ஊத்தியிருக்கே!” என்று வைதேன்.

அவள் திரும்பவில்லை.

தொட்டியின் வடிகால் உறைந்து, தண்ணீர் விளிம்புவரை தேங்கி, மேலே பனிக்கட்டி படிந்திருந்தது. அவள் அதை ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். டொக். டொக். உடைகிறதா என்று பார்க்கிற மாதிரி. இன்னொரு கையில் எதையோ ஏந்தியிருந்தாள். கறிக்கடையில் காலையில் அடிக்குமே, அந்த வாடை அடித்தது.

நடையின் மறுகோடியில், படுக்கையறையில், குழந்தை வீறிட்டது.

சேவில் அங்கேதான் படுத்திருக்கிறாள்.

அப்படியென்றால் இவள் யார்?

“பிஸ்மில்லா” என்ற சொல் தொண்டையிலிருந்து தானாக வந்தது. கை தன்பாட்டில் சுவிட்சைத் தட்டியது. விளக்கு எரிந்தபோது தொட்டியருகே யாரும் இல்லை. பனிக்கட்டியின் மேல் மூன்று துளி சிவப்பு மட்டும் இருந்தது. வடிகால் ஓட்டையில் கபாப் கம்பி செருகியபடி நின்றது. அதில் வெங்காயம் ஒன்றுகூட இல்லை.

அலறிக்கொண்டு ஓடினேன். எல்தார் சேவிலின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் முகம் சாம்பல் நிறம். உதடு நீலம். தரையில் வெங்காயங்கள் உருண்டு கிடந்தன.

“கம்பிய ஏன்டா எடுத்தே?” மாப்பிள்ளை என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது.

“நீங்க வெளியில போனப்ப குழாயத் திறந்து விட்டேன், வடிகால் அடைச்சு வழிய ஆரம்பிச்சுது மதினி... கட்டிய குத்தி எடுத்துட்டு வெச்சிடலாம்னு... அது உள்ள மாட்டிக்கிச்சு... இவ ஏன் மூச்சு விடல? மதினி, இவ ஏன் மூச்சு விடல?”

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். பனி வெட்டும் வண்டி முன்னால் வந்தால்தான் தங்கள் வண்டி வர முடியும் என்றார்கள்.

நான் திரும்பச் சமையலறைக்கு ஓடிக் குழாயைத் திருகினேன். கைப்பிடி சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, தண்ணீர் நிற்கவில்லை. நூல் அறுபடாமல் விழுந்துகொண்டிருந்தது. விளக்கு எரிகிறது, கண்ணுக்கு யாரும் தெரியவில்லை.

டொக். டொக்.

பனிக்கட்டியில் ஒரு கீறல் ஓடியது.

அடுப்பு மேலிருந்த கறி வெட்டும் கத்தியை எடுத்து, பின்னாலேயே ஓடி வந்த எல்தாரின் கையில் திணித்தேன். “தொட்டிய அடி. நிறுத்தாம அடி. தண்ணிக்கும் காத்துக்கும் நடுவுல இரும்பு இருக்கணும்.” நேற்றாக இருந்தால் சிரித்திருப்பான். இப்போது அழுதுகொண்டே அடித்தான்.

முற்றத்தில் பனி முழங்கால்வரை கிடந்தது. மீட்டர் குழியின் பலகையைப் புரட்டி, வைக்கோலை வாரி எறிந்தேன். கோட்டுகளை உருவினேன். பாவி, எத்தனை பத்திரமாகக் கட்டியிருந்தான்! கண்ணாடிப் பஞ்சு விரல்களில் குத்தியது. உள்ளே இருந்த இரும்பு வால்வைப் பிடித்ததும் உள்ளங்கைத் தோல் அதோடு ஒட்டிக்கொண்டது.

“மெயினை மூடினா மொத்தக் குழாயும் வெடிச்சிடும் மதினி!” என்று உள்ளேயிருந்து கத்தினான்.

“வெடிச்சுத் தொலையட்டும்!”

திருகினேன். தோல் உரிந்தது. வால்வு நகர்ந்தது.

சுவருக்குள் ஏதோ தட்டியது.

சமையலறை மூலையில் ஒரு தட்டு. பிறகு சுவரோரம் ஒன்று. ஜமுக்காளத் துண்டுகளுக்குள் இருந்த குழாய் வழியாக அது என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில். இன்னும் பக்கத்தில். என் கைக்குக் கீழே வால்வு, பிடிபட்ட கோழி மாதிரி துடித்தது. மறுபக்கத்திலிருந்து யாரோ அதைத் திறக்கத் திருகினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவையும் ஆண்டவனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டு, உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் போட்டேன்.

நின்றது.

பனி விழும் சத்தம்கூட இல்லை. அப்புறம் வீட்டுக்குள்ளிருந்து எல்தாரின் குரல் உடைந்து வந்தது. “மதினி! மூச்சு விடுறா! கண்ணு முழிச்சிட்டா!”

போய்ப் பார்த்தபோது சேவில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. எங்கள் இரண்டு பேரையும் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, “களி என்னாச்சு?” என்று கேட்டாள். எல்தார் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே விம்மி விம்மி அழுதான். நானும்தான்.

குழாய் அன்றைக்கே சமையலறையிலிருந்து முற்றம் வரைக்கும் வெடித்துப் பிளந்தது. யாரும் வருத்தப்படவில்லை. ரோடு திறந்த அன்று அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, நாலாவது மாடியில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனார்கள். குழந்தைக்கு ஐசான் என்று பெயர் வைத்தோம். தவழ்ந்தாள், நின்றாள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நாங்கள் சேவிலிடம் மூச்சு விடவில்லை. அவளும் எதுவும் கேட்டதில்லை.

அடுத்த குளிர்காலத்தில் சேவிலுக்கு வலது விலாவின் கீழே அடிக்கடி சில்லிட்டது. பித்தப்பையில் கல்லாக இருக்கும் என்று டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். நான்தான் கூடப் போனேன். ஸ்கேன் எடுக்கிற பெண் சின்ன வயசு, கலகலப்பானவள். பசையைத் தடவியபடி குழந்தையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு திரையை உற்றுப் பார்த்தாள்.

கருவியை மேலே நகர்த்தினாள். கீழே நகர்த்தினாள். “மூச்ச இழுத்துப் பிடிங்க” என்றாள். திரையைத் தட்டினாள். மிஷினை அணைத்துப் போட்டாள். கடைசியில் தன் சட்டையைத் தூக்கித் தன் விலாவிலேயே வைத்துப் பார்த்தாள். திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஈரல் தெரிந்தது.

மறுபடியும் சேவிலின் மேல் வைத்தாள். கறுப்பு. வெறும் கறுப்பு.

“இவங்களுக்கு எப்பவாவது ஆபரேஷன்...” என்று ஆரம்பித்தவள், தான் கேட்கப்போவது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்து நிறுத்தினாள். “நான் பெரிய டாக்டரைக் கூட்டிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

 மிஷின் சரியில்லை, வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சேவில் என் கையைப் பிடித்தாள். அவள் முகத்தில் பயமில்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறவள் மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

“பயப்படாதக்கா. அவ இன்னும் அதை அலசல.”