மேனேஜர் தின்ற இலை

விதைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததும் மிளகின் முகம் சுருங்கிப்போயிற்று. உள்ளே விதையையே காணோம். பழுப்பாகக் கொஞ்சம் தூசிதான் இருந்தது.

"அம்மா, உன்னை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க. மூக்குப்பொடியைக் கட்டிக் குடுத்திருக்காங்க!"

அம்மா சிரித்தாள். அவள் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவள். செடி விற்கும் தோட்டத்தில் மோட்டாரைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பியபோது, அங்கிருந்தவர் அந்தப் பொட்டலத்தைக் கையில் திணித்திருந்தார்.

"மூக்குப்பொடிக்குச் சொந்தக்காரச் செடிதான். பூப்புகையிலைன்னு பேரு. அழகுக்கு வளர்க்கிறது. சாயங்காலம் ஆனா வாசனை ஆளைத் தூக்குமாம்."

மிளகுக்குப் பத்து வயது. ஆள் சின்னது, பேச்சு காரம். அதனால் வீட்டிலும் தெருவிலும் அவள் பெயர் மிளகுதான்.

ஒரு தட்டில் ஈரமண்ணைப் பரப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விதையைத் தூவினாள். தும்மினால் அவ்வளவுதான், தோட்டமே பறந்துவிடும். மேலே மண் போட்டு மூடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் என்று பொட்டலத்தில் எழுதியிருந்தது. அதனால் உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட்டு, கண்ணாடி ஒன்றை மேலே மூடி வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன.

பக்கத்து வீட்டு நெட்டைதான் முதலில் ஓடி வந்து பார்த்தாள். நெட்டை மிளகைவிட ஒரு வயது மூத்தவள், இரண்டு சாண் உயரம் கூட. இருவரும் பள்ளிக்குப் போவதும் சேர்ந்துதான், திட்டு வாங்குவதும் சேர்ந்துதான். நெட்டையின் பின்னாலேயே அவள் தங்கை சுண்டுவும் வந்தாள். அவளுக்கு ஐந்து வயது.

"இதுவா செடி? பாசி மாதிரில்ல இருக்கு" என்றாள் நெட்டை.

"நீயும் பிறந்தப்ப குட்டையாத்தான் இருந்திருப்ப" என்றாள் மிளகு.

இரண்டு வீட்டுத் தோட்டங்களுக்கும் நடுவே மார்பளவு உயரத்தில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கம்பிவலைக் கூண்டில் நெட்டை வீட்டு முயல் இருந்தது. வெள்ளை முயல். முன்காலைக் கூட்டிவைத்துக்கொண்டு, யார் தாமதமாக வந்தாலும் முறைத்துப் பார்க்கும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார்கள். மிளகு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று, சுவருக்கு மேலே கையை நீட்டித் தினமும் மேனேஜருக்குக் கீரை போடுவாள்.

நாற்றுகள் விரல் நீளம் வளர்ந்ததும், நன்றாக இருந்த பன்னிரண்டைப் பிடுங்கிச் சுவரோரம் நட்டாள். மிச்சம் தட்டிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. இலைகள் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டின.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மிச்ச நாற்றையெல்லாம் பிடுங்கினாள். இரண்டு கை நிறைய இருந்தது. இத்தனை நாள் தண்ணீர் தெளித்து வளர்த்ததைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வரவில்லை. மேனேஜருக்கு ஒரு பிடி நீட்டினாள்.

மேனேஜர் முகர்ந்து பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ரொம்பத்தான் பிகு பண்ணிக்கிற!" என்றாள் மிளகு. உள்ளே ஓடி, முள்ளங்கி இலை கொண்டுவந்து, இரண்டையும் நறுக்கிக் கலந்து போட்டாள். முள்ளங்கி இலை என்றால் மேனேஜருக்கு உயிர். ஒன்றும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டான்.

தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து மிளகு சந்தோஷமாகக் கை கழுவப் போனாள்.

மத்தியானத்துக்குள் மேனேஜரின் வாயில் எச்சில் ஒழுகியது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. நெட்டையின் அம்மா அவனைத் துண்டில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். மருத்துவர் ஊசி போட்டார். ஆனாலும் பிழைக்கவில்லை.

"ஏதோ ஆகாததைத் தின்னிருக்கு. என்ன குடுத்தீங்க?" என்று கேட்டாராம்.

சுண்டு விம்மிக்கொண்டே சொன்னாளாம். "என் சாக்லேட்ல பாதியைக் குடுத்தேன். அவனுக்கும் ஆசையா இருக்கும்ல?"

"முயலுக்கு சாக்லேட் ஆகவே ஆகாது பாப்பா" என்றாராம் மருத்துவர்.

இதையெல்லாம் அழுது வீங்கிய கண்ணோடு நெட்டை வந்து சொன்னாள். மிளகும் கூடவே அழுதாள். காலையில் போட்ட இலையைப் பற்றி அவளுக்கு ஒரு நினைப்பும் வரவில்லை. முயல் இலை தின்னாமல் வேறு எதைத் தின்னும்?

அந்த வாரம் முழுக்க சுண்டு பேசவே இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளித் தள்ளி வைத்தாள். ஒரு நாள் மாலை தெருவில் ஒரு நாய்க்குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அவளிடம் வந்தது. சுண்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"தடவிக் குடேன். கடிக்காது" என்றாள் மிளகு.

"வேணாம்க்கா. நான் தொட்டா செத்துப்போயிடும்."



சனிக்கிழமை, செடி எப்போது பூக்கும் என்று பார்க்க மிளகு பொட்டலத்தைத் தேடி எடுத்தாள். பின்பக்கம், அடியில், எறும்பு வரிசை மாதிரி எழுத்துகள். கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் படித்தாள்.

'இச்செடியின் எல்லாப் பாகங்களும் நச்சுத்தன்மை உடையவை. மனிதரோ வளர்ப்புப் பிராணிகளோ உண்ணக் கூடாது.'

மிளகு அதை மறுபடி படித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

யாருக்கும் தெரியாது. அவள் இலை போட்டதை யாரும் பார்க்கவில்லை. பொட்டலத்தைக் கிழித்துப் போட்டால் போதும். கிழிக்கத் தோதாக ஓரத்தைப் பிடிக்கவும் பிடித்தாள். அப்போது முதுகுக்குப் பின்னால் ஒளிந்த அந்த இரண்டு சின்னக் கைகள் நினைவுக்கு வந்தன.

அம்மாவிடம் பொட்டலத்தைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தாள்.

"நானும்தான் அதைப் படிக்கலை" என்றாள். "கூட வரட்டுமா?"

"வேணாம்மா. நீ வந்தா நீயே பேசிடுவ."

பக்கத்து வீட்டில் நெட்டை, சுண்டு, அவர்கள் அம்மா மூவரும் இருந்தார்கள். மிளகு வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"அத்தை, மேனேஜரைச் சுண்டு கொல்லலை. நான்தான். என் செடியோட இலையைப் போட்டேன். அது விஷமாம். எனக்குத் தெரியாது."

நெட்டையின் அம்மா பொட்டலத்தை வாங்கிப் படித்தாள். நெட்டை மெதுவாக எழுந்து வந்தாள்.

"எவ்வளவு போட்ட?"

"ரெண்டு கை."

"அவன் கண்டதைத் தின்ன மாட்டானே."

இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் வாயைத் திறந்ததும் அதுவும் வந்துவிட்டது.

"முதல்ல வேணாம்னுதான் திரும்பிக்கிட்டான். நான்தான் முள்ளங்கி இலையோட கலந்து போட்டேன்."

நெட்டையின் முகம் வெளுத்தது. "போ" என்றாள். "எங்க வீட்டுக்கு வராத."

"ஏய், அவ தெரிஞ்சா செஞ்சா?" என்றாள் அவள் அம்மா. அதற்குள் உள்ளே அறைக் கதவு படாரென்று மூடிக்கொண்டது.

மிளகு திரும்பி நடந்தாள். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சுண்டு.

"நீயாக்கா? நான் இல்லையா?"

"நான்தான். நீ இல்லை."

"நிஜமா?"

"நிஜமா."

மறுநாள் மிளகு, அந்தச் செடியைத் தின்னவோ பிராணிகளுக்குப் போடவோ கூடாது என்று ஒரு பெரிய அட்டையில் எழுதினாள். எழுத்து ஒவ்வொன்றும் செருப்பு அளவு. அதைத் தோட்டத்தில் நட்டுவைத்துச் சுற்றிலும் கம்பிவலை கட்டினாள்.

அடுத்த மாதம் செடிகள் பூத்தன. பகலெல்லாம் துவண்டு தொங்கிய வெள்ளைப் பூக்கள், வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்து நட்சத்திரம்போல் விரிந்தன. அம்மா சொன்னதுபோலவே வாசனை ஆளைத் தூக்கியது. சுவரைத் தாண்டி அது பக்கத்து வீட்டுக்கும் போயிற்று. கொஞ்ச நேரத்தில் நெட்டை தன் அறை ஜன்னலைச் சாத்தினாள். தினமும் சாத்தினாள். பள்ளிக்கும் அவள் எதிர்ப் பக்கமாகவே நடந்து போனாள்.

சுண்டு மட்டும் தினமும் காலையில் மிளகு வீட்டு வாசலில் வந்து நிற்பாள்.

"அக்கா, இன்னொரு தடவை சொல்லு."

"மேனேஜரை நான்தான் கொன்னேன். நீ இல்லை."

ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மிளகுக்கு நெஞ்சு கரித்தது. சொல்ல மாட்டேன் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டதும் சுண்டு தலையை ஆட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போவாள்.

ஒரு நாள் காலை மிளகு வெகுநேரம் வாசலில் நின்றாள். சுண்டுவைக் காணோம். எட்டிப் பார்த்தால், தெருக்கோடியில் அந்த நாய்க்குட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். குட்டி அவள் முகத்தை நக்கிக்கொண்டே வந்தது.

"சுண்டு! இன்னைக்குக் கேக்கலையா?"

"நேரமில்லக்கா! நாளைக்குக் கேக்குறேன்!"

மறுநாளும் அவள் கேட்க மறந்துவிட்டாள்.