நிற்கும் பலகை, கிடக்கும் பலகை

அடுத்த ஆறு மாதத்தில் பெருந்துறை வட்டாரத்தில் கிடக்கும் பலகை குறையும், நிற்கும் பலகை கூடும் என்று போக்கறி இயந்திரம் சொன்னது. கோகிலவாணி அதை மாத அறிக்கையில் எழுதிக்கொண்டாள். பதினோரு வருடமாக அந்தப் பலகை நிறுவனத்தில் அவளுக்கு அதுதான் வேலை.

பலகை என்னவோ ஒன்றுதான். உமியையும் பழைய பிளாஸ்டிக்கையும் உருக்கி அழுத்திச் செய்த உமிப்பலகை. கறையான் தொடாது, மழையில் ஊறாது. மொட்டைமாடியில் படுக்கவைத்தால் நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற தளம். நிமிர்த்தி நட்டால் வேலி. மரமும் செங்கல்லும் எட்டாத விலைக்குப் போய்விட்ட அந்நாளில் ஊர் முழுக்க இதே பலகைதான். யார் படுக்கவைப்பார்கள், யார் நிமிர்த்துவார்கள் என்று முன்கூட்டியே சொல்வதுதான் போக்கறியின் வேலை. ஒரு வீட்டார் பக்கத்து வீட்டுக்குள் எத்தனை தடவை போய்வருகிறார்கள் என்பதைத் தெருவிலுள்ள வாசற்கண் கேமராக்கள் எண்ணி அதற்கு அனுப்பும். போக்குவரத்து குறைந்தால் வேலி வரப்போகிறது என்று கணக்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தடவை அது சொன்னபடியே நடந்தது.

வேலி வரும் என்ற உறுதி நூற்றுக்கு எழுபதைத் தாண்டிய வீட்டெல்லைகளின் பட்டியல் மட்டுமே கோகிலவாணியின் மேசைக்கு வரும். அன்று வந்த பட்டியலில் அவள் வீட்டு எல்லையும் இருந்தது. நிற்கும் பலகை நாற்பத்திரண்டு, கார்த்திகை மாதம், உறுதி எழுபத்தொன்று. வேலி கேட்கப்போவது யார் என்று போக்கறி சொல்லாது. எந்த எல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் மைனாவதி, அவளுடைய ஓரகத்தி. ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் சுவர் என்று எதுவும் கிடையாது. இருபத்தாறு வருடமாகக் குழம்பும் சட்னியும் இங்கேயும் அங்கேயும் போய்வந்துகொண்டுதான் இருந்தன. தான் வேலி கேட்கப்போவதில்லை என்று கோகிலவாணிக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியானால் மீதி இருப்பது ஒருத்திதான்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. பெருந்துறைப் பக்கத்து ஜனங்கள் குழம்பு வாங்கிப்போன போசிப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு துண்டு வெல்லமாவது உள்ளே இருக்கும். மைனாவதி போசியைக் கழுவிப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டு, கூப்பிடாமலே திரும்பிப் போனாள்.

கோகிலவாணி போசியை எடுத்து உள்ளே வைத்தாள். அவளும் போவதை நிறுத்தினாள். போகாமல் இருக்கும் ஒவ்வொரு நாளையும் வாசற்கண் எண்ணும் என்பது அவளைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? தெரிந்தும் கால் எழவில்லை. ரோஷம் அப்படிப் பிடித்துவைத்தது. உறுதி எண்பத்துநாலானது, பிறகு தொண்ணூற்றிரண்டானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமுடியாமல் எழுந்து மைனாவதி வீட்டுக்கே போய்விட்டாள்.

"ஏன் மைனா, வேலி போடறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

மைனாவதி திகைத்துப்போனாள். "நானுங்களா? நீங்கதானுங்க்கா போடறீங்க? உங்க கம்பெனிக்காரரு மூணு மாசத்துக்கு முன்னாடியே மாதிரிப் பலக கொண்டாந்து குடுத்தாருங்களே. நட்டா எப்பிடி இருக்கும்னு பாத்துக்கச் சொன்னாரு. நீங்க அனுப்புச்சதுன்னு நெனச்சேன்."

உறுதி அறுபதைத் தொட்டதுமே விற்பனைப் பிரிவு மாதிரிப் பலகை அனுப்பிவிடும் என்பது கோகிலவாணிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அப்பறம் போசிய ஏன் வெறும்போசியா வெச்சுட்டுப் போனே?"

மைனாவதியின் கண் நிறைந்துவிட்டது. "வயித்துல கட்டின்னாங்க்கா. வைகாசில இருந்தே ஆஸ்பத்திரிக்கு நடையா நடந்தேன். அன்னிக்குத்தான் அறுத்துப் பாக்கோணும்னு சொன்னாங்க. போசில எதயாச்சும் வெக்கோணும்னு நெனப்பே இல்லீங்க. போன வாரந்தான் சாதாக் கட்டின்னு சொன்னாங்க. உங்க கொழுந்தனாருக்கே தெரியாது. ஆருகிட்டயும் சொல்லீராதீங்க்கா."

"சத்தியமா சொல்லமாட்டேன்" என்றாள் கோகிலவாணி. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

மறுநாள் ஆத்திரம் தாங்காமல் விற்பனைத் தலைவர் பொன்னுரங்கத்தின் அறைக்குப் போனாள். "உடம்பு முடியாம வராம இருந்தவளை இயந்திரம் சண்டைன்னு எடுத்துக்கிச்சுங்க சார். சண்டையே இல்லாத எடத்துல நம்ம பலகைதான் சண்டைய மூட்டிவிடுது. நிறுத்தச் சொல்லுங்க." அவர் நம்பவேண்டுமே என்று போசியைச் சொன்னாள். வேகத்தில் கட்டியையும் சொன்னாள். பொன்னுரங்கம் கெட்ட மனிதர் அல்ல. தண்ணீர் கொடுத்து முழுவதையும் கேட்டார்.

"கிடக்கும் பலகைய மாதிரியா அனுப்பலாமே சார்? ஜனங்க சேர்ந்து உக்காரட்டும்."

"தளம் ரெண்டு வீட்டுக்கு ஒண்ணு போதும்ங்க. வேலி அப்பிடியா? ஒருத்தர் போட்டா, வருசம் திரும்பறதுக்குள்ள அடுத்தவரும் தன் பக்கம் ஒண்ணு போட்டுடறாரு. நீங்க எழுதுன அறிக்கைதானுங்க இது."

அந்த அறையில் பேசுவதெல்லாம் போக்கறிக்கும் போய்ச் சேரும். ஒரே ஒரு பலகை ஓர் எல்லையை அறுபதிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்குத் தூக்கிவிட்டது என்பதை அது குறித்துக்கொண்டது. பதினைந்து நாளில் விற்பனையாட்கள் தெருத்தெருவாக இறங்கினார்கள். வீட்டுக்கு ஒரு மாதிரிப் பலகை, கூடவே போக்கறி எழுதிக்கொடுத்த இரண்டு கேள்வி.

மைனாவதியின் வாசலிலும் ஒரு பெண் வந்து நின்று சிரித்த முகமாகக் கேட்டாள். "பக்கத்து வீட்ல போசிய வெறுமையா திருப்பிக் குடுத்தாங்களாங்க? வயித்துல கட்டி, அது இதுன்னு எதயாச்சும் உங்ககிட்ட மறைச்சாங்களாங்க?"

அன்று சாயங்காலம் மைனாவதி வளவைத் தாண்டி வந்தாள். உட்காரவில்லை.

"சத்தியம் பண்ணுனீங்களேக்கா."

"வேலி வரக் கூடாதுன்னுதான் மைனா சொன்னேன். உம் மேல சத்தியமா."

"தெருவுல ஒவ்வொரு வீட்லயும் அதயே கேக்கறாங்க. எங் கதைய எனக்கே படிச்சுக் காட்டறாங்க." குரலில் கோபமே இல்லை. அதுதான் கோகிலவாணியை அறுத்தது. மைனாவதி திரும்பி நடந்தாள்.

அடுத்த வாரம் அலுவலகத் திரையில் ஒரு சம்மதப் படிவம் வந்து நின்றது. எல்லையில் வேலி நட அண்டை வீட்டார் கைரேகை வேண்டும் என்பது சட்டம். கேட்டிருந்தவள் மைனாவதி. மறுத்தால் மூன்று மாதம் இழுத்தடிக்கலாம். மைனா இதுவரை வாய்விட்டுக் கேட்ட எதையும் கோகிலவாணி இல்லை என்றதில்லை. பெருவிரலை வைத்தாள்.

படிவம் மறைந்ததும் போக்கறி அடுத்த வரியை எழுதியது. அதே எல்லை, இன்னொரு வேலி, அடுத்த ஆடிக்குள், உறுதி எண்பத்தெட்டு. இந்தத் தடவை கேட்கப்போவது யார் என்று கோகிலவாணி விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மீதி இருப்பவள் அவளேதான். அந்த வரியையும் மாத அறிக்கையில் எழுதிக்கொண்டாள்.