கிழக்கு அறையில் ஒரு கஜம்

புறா வாசல் வழியாகத்தான் உள்ளே போயிற்று.

ஜலஜா பட்டாணி உரிக்கிற கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மொட்டை மாடித் தரையில் மாக்கோல இழையாக அவள் இழுத்திருந்த சுவரை ஒட்டியே அது தத்தித் தத்தி நடந்தது. மூலையில் திரும்பியது. கதவுக்கென்று விட்டிருந்த மூன்றடி இடைவெளி வந்ததும் தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு நுழைந்தது. விரல் அகலம்கூட இல்லாத அரிசிமாவுக் கோடு, அதைத் தாண்ட அதற்கு மனசு வரவில்லை. இரண்டடி தள்ளி இன்னொரு புறா, பக்கத்து வீட்டுச் சுவர்களையெல்லாம் மிதித்துத் துவைத்து மாவைக் கொத்திக்கொண்டிருந்தது.

மிதிபடுகிற வீடு ஜலஜாவுடையது. மரியாதையாக வாசலில் நுழைகிற வீடு அவள் ஓர்ப்படி விசாலாக்ஷியுடையது. புறாவுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, யார் வீடு வீடென்று. வயிறு எரிந்தது ஜலஜாவுக்கு.

இரண்டு வீடும் இன்னும் கட்டப்படவில்லை. பப்பன்கலானில் (துவாரகா என்று பெயர் வைத்து வருஷங்களாகியும் அவள் கணவன் சுந்தரேசனுக்கு அது வாயில் வரவில்லை) கூட்டாக வீடு கட்டும் சொசைட்டிக்குக் கொடுத்த நிலத்தில் நாலு கம்பமும் கருவேலமுள்ளும்தான் இருந்தன. மற்றபடி வீடு என்றால் கையிலிருக்கிற பிளான், அமோனியா நெடி போகாத நீலக் காகிதம். அந்தக் காகிதத்தைப் பார்த்து வீடு தேறுமா தேறாதா என்று சொல்வதில் ஜலஜாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் யார் பிளாட் புக் செய்தாலும் பிளானைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். சுந்தரேசன் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த டேப்பால் அளந்து, ஈரமாவில் துணியை நனைத்து, வீட்டை முழு அளவில் மாடியில் போட்டுக் காட்டுவாள். பனியில் கரையாமலிருக்க மாவில் கொஞ்சம் கோந்து. நடந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். கட்டில் போட்டால் பீரோ திறக்காது, குளியலறைக் கதவு சாமி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அவளுக்கு ஒரே ஒரு சங்கடம், கதவுகளுக்கு இடைவெளி விடுவது. முப்பது வருஷம் இழைக்கோலம் போட்ட கை, இழையை மூட்டாமல் விட்டால் விரல் நமநமக்கும்.

விசாலாக்ஷிக்குப் போன அந்த மூலை வீட்டை வீடாக்கியதே அவள்தான். சமையலறை தென்கிழக்குக்குப் போகட்டும், கிழக்கு அறைக்கு இரண்டு ஜன்னல் வேண்டும் என்று ஆர்க்கிடெக்டோடு மல்லுக்கு நின்று மாற்றினாள். மூத்த மெம்பர் சுந்தரேசன், எனவே மூலை வீடு தங்களுக்கென்றே நினைத்திருந்தாள். கமிட்டியோ குலுக்கல் என்றது. சீட்டு சுந்தரேசனின் தம்பி அச்சுதன் கையில் போய் விழுந்தது. சுந்தரேசனுக்குக் கிடைத்தது அதற்குப் பக்கத்து வீடு. சமையலறைக்கு ஜன்னல் கிடையாது, குழாய்கள் இறங்குகிற இருட்டுச் சந்தைப் பார்த்து ஒரு துவாரம், அவ்வளவுதான்.

"மன்னி, எங்காத்தையும் போட்டுக் காட்டுங்கோளேன்," என்று விசாலாக்ஷி கேட்டபோது முடியாது என்று சொல்ல ஜலஜாவுக்கு வாய் வரவில்லை. இரண்டு வீட்டையும் ஒட்டி ஒட்டிப் போட்டாள்.

அன்றிலிருந்து மத்தியான வெயிலுக்கு மாடி ஏறினால் அவள் உட்காருவது விசாலாக்ஷியின் வீட்டில்தான். தன் வீட்டில் உட்கார்ந்தால் ஜனவரிக் காற்று முதுகெலும்பைத் தடவியது. கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் காற்று நின்றுவிடும், ஷாலைக்கூடக் கழற்றிவிடலாம். இரண்டாம் நாள் அந்தச் சமையலறையிலிருந்து நெய்யில் பெருங்காயம் பொரிகிற வாசனை வந்தது. கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரிகள் பெருங்காயத்தை அப்படிப் பொரிக்கமாட்டார்கள். மூன்றாம் நாள் குக்கர் சீறிற்று. யாரோ வளையல் குலுங்க மேடையைத் துடைத்தார்கள். வெறும் சிமெண்டுத் தரை, மேலே வெளுத்த வானம், நடுவில் வளையல் சத்தம்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கும் முன்னால் வந்தது வேறொன்று. தன் வீட்டுக் கோடுகளுக்குள் போய் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒன்றுமில்லை. தூரத்தில் பழைய சாமான் வாங்குகிற கபாடிவாலாவின் குரல், அவ்வளவுதான். பேய் வீடானாலும் விசாலாக்ஷிக்குத்தானா வாய்க்கவேண்டும்?

நாலாம் நாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கும்போது கிழக்கு அறைச் சுவரில் முழங்கை இடித்தது. சுவர் எங்கே இருக்கிறது, கோடுதானே. ஆனால் இடித்தது. தோல் சிராய்த்து, ரத்தத்தோடு சிமெண்டுத் தூள் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவள் கோட்டைத் தாண்டவில்லை. புறாக்களைப்போல வாசல் வழியாகவே போய்வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விசாலாக்ஷி வந்தாள். புது ஸ்வெட்டர், தலையில் மல்லிகை. டில்லியில், ஜனவரியில், எங்கிருந்துதான் கிடைக்குமோ இவளுக்கு. கோடுகளைப் பார்த்ததும் கை தட்டினாள். வாசலையெல்லாம் தேடவில்லை, சமையலறைச் சுவருக்குள் புகுந்து கிழக்கு அறைச் சுவரில் வெளியே வந்தாள். ஜலஜா தன் சிராய்த்த முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் இடிக்கவில்லை. வீட்டுக்காரி அல்லவா, சுவர் விலகிக்கொடுக்கிறது.

"இந்த ரூம்ல காலைல வெயில் வருமில்லையா மன்னி?"

"ரெண்டு ஜன்னல். வராம என்ன?"

"உங்க சமையல்கட்டுலதான் ஜன்னலே இல்ல. பாவம் மன்னி நீங்க." நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. "பரவால்ல, மத்தியானத்துல இங்க வந்து உக்காந்துக்கோங்கோ. எங்காத்துக்கும் உங்காத்துக்கும் நடுவுல ஒரு சுவர்தானே?"

"அச்சா," என்றாள் ஜலஜா. சிரித்தாள்கூட.

நான் கேட்டு வாங்கின ஜன்னலில் எனக்கு உட்கார இடம் தருகிறாளாம். விசாலாக்ஷி படியிறங்கும் சத்தம் தேய்ந்ததும் ஜலஜா கீழே தன் சமையலறைக்குப் போய், ஒரு கிண்ணத்தில் மாவு கரைத்து மேலே எடுத்துவந்தாள்.

மணி ஐந்துகூட ஆகவில்லை. பனி அதற்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. எதிர் குவார்ட்டர்ஸின் தண்ணீர்த் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தெருவில் யாரோ டயர் எரித்துக் குளிர்காய்ந்தார்கள், அந்தப் புகை மாடிவரை வந்து தொண்டையில் கரித்தது. ஜலஜா வாசல் வழியாகக் கிழக்கு அறைக்குள் போனாள். தன் கூடத்துக்கும் அந்த அறைக்கும் பொதுவான சுவரின் அருகே நின்று டேப்பை நீட்டினாள். ஒரு கஜம், மூன்றடி. அதிகம் கேட்கவில்லை. சுவரை ஒரு கஜம் உள்ளே தள்ளிப் போட்டுவிட்டால் தன் கூடம் நீளும், ஒரு ஜன்னல் இந்தப் பக்கம் வந்துவிடும். அப்புறம் அந்தப் பெருங்காய வாசனையும் இந்தப் பக்கம் வரட்டும்.

போடப்போகிற கோட்டுக்கு அந்தப் பக்கம் கிண்ணத்தை வைத்து, பழைய சுவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள். மாவில் நனைத்த துணியிலிருந்து இழை வழுவழுவென்று இறங்கியது. இவ்வளவு நேராக அவள் என்றுமே போட்டதில்லை. தெற்குச் சுவரில் தொடங்கிப் பின்னால் நகர்ந்து நகர்ந்து வடக்குச் சுவருக்கு வந்தாள். முனை முனையோடு சேர்ந்தது. கை நிற்கவில்லை, அப்படியே திரும்பி, வடக்குச் சுவரில் அவள் உள்ளே வந்த வாசல் இடைவெளியிலும் ஓடி, மறுமுனையில் போய் மூட்டிவிட்டது.

விரலின் நமநமப்பு அடங்கியது.

விசாலாக்ஷியின் சமையலறையில் வளையல் சத்தம் நின்றது.

ஜலஜா நிமிர்ந்தாள். முன்னால் புதுச் சுவர். பின்னால் பழைய சுவர். பழையதை முதலில் அழித்திருக்கவேண்டும். அழிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் மூன்றடி. கதவு இல்லை.

சீ, கோடுதானே என்று காலைத் தூக்கினாள். கட்டைவிரல் செங்கல்லில் மோதியது. ஈரமாவைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கத் தலைப்பு கிழிந்தது, கோடு வெள்ளையாகவே நின்றது. கிண்ணம் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கையை நீட்டினால் காற்று சொரசொரவென்று உள்ளங்கையை மறித்தது.

படியில் செருப்புச் சத்தம். மப்ளரை இழுத்து விட்டுக்கொண்டு சுந்தரேசன் வந்தான்.

"ஜலஜா, பனி கொட்றது. கீழ வா."

"ஏன்னா, இங்க இருக்கேன்."

அவளுடைய குரல் அவள் முகத்திலேயே வந்து பட்டது. அவன் இரண்டடி தூரத்தில் நின்று நாலுபக்கமும் பார்த்தான். குனிந்து கிண்ணத்தை எடுத்தான். பட்டாணித் தட்டை எடுத்தான். "எங்க போனா இவ?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினான். படிக்கட்டு விளக்கு அணைந்தது.

அப்புறம் பனி மட்டும்.

புறா ஒன்று வந்தது. கோட்டை ஒட்டி நடந்தது. மூலையில் திரும்பியது. வாசல் இருந்த இடத்தில் நின்று, தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே போயிற்று.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பனியின் வெள்ளை நகரவில்லை, ஆனால் நெடி மாறியது. ஈரச் செங்கல். சிமெண்டு. கரண்டியால் பூச்சை இழைக்கிற சத்தம், இருபுறமும். அவள் கத்தினாள். இழைக்கிற சத்தம் நிற்கவில்லை. சுண்ணாம்பு. அப்புறம் பெயிண்ட். வானம் இருந்த இடத்தில் வானம் இல்லை.

பால் பொங்கும் வாசனை. ஹோமப் புகை. நிறையக் குரல்கள்.

"இந்த ரூம் மட்டும் பிளானைவிட ஒரு கஜம் குறையறதே," என்றது விசாலாக்ஷியின் குரல், முன் சுவருக்கு அந்தப் பக்கம். தட்டினாள். "தட்டினா உள்ள காலியா இருக்கறாப்ல சத்தம் வேற. மன்னி இருந்திருந்தா ஒரு பார்வைல காரணம் சொல்லியிருப்பா." மூக்கை உறிஞ்சினாள். நிஜமாகவே அழுதாள்.

ஜலஜாவும் தட்டினாள். இரண்டு கையாலும். முட்டியால். நெற்றியால்.

"எலி போலருக்கு," என்றான் அச்சுதன்.

பின்பக்கம் செருப்புச் சத்தம். தெரிந்த செருப்பு. தெரிந்த இருமல். அவள் திரும்பிப் பழைய சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டாள். சுவர் சில்லென்றிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சந்தனமும் சாமந்தி மாலையும் மணத்தன.

"ஏன்னா," என்றாள்.

"இந்தச் சுவர்லயே மாட்டிடலாம்," என்றான் சுந்தரேசன், மிக அருகில், அவள் காதுக்கு நேராக. குரல் கிழடாகியிருந்தது. "கூடத்துல நுழைஞ்சதும் அவ முகம் தெரியணும். படத்தைப் பிடிச்சுக்கோ. சுத்தியலக் குடு."

முதல் அடியில் அவள் பாதத்தில் வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

இரண்டாவதில் ஆணியின் முனை அவள் கண்ணுக்கு நேராக வெளியே வந்தது. அவள் பின்வாங்கினாள். முதுகு புதுச் சுவரில் இடித்தது.

"இன்னும் ஆடறது," என்றான் சுந்தரேசன். "நீளமான ஆணியாக் குடு."