சுவரில் அடைத்த மண்

சுவருக்குள் மண் உதிரும் சத்தம் மத்தியானத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது.

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் இன்பராஜ் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து தங்கம்மா, "இன்னா அண்ணே, பீடி இன்னும் உன்னைத் தின்னு முடிக்கலியா?" என்பாள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதிலிருந்து அங்கே பேச்சில்லை. இந்த உதிரல் மட்டும்தான்.

உண்ணிக்கு மருந்தடிக்க முனிசிபாலிட்டி ஆட்கள் வந்தபோது வாசலிலேயே மறித்தவர் இன்பராஜ். தங்கம்மா வீட்டுக்கும் சேர்த்தே வேண்டாமென்றார். "ஆளுங்களுக்கே ஒண்ணும் செய்யாதவனுங்க, உண்ணிக்கா செய்யப்போறீங்க? போங்கய்யா." அவரிடம் வேறு மருந்து இருந்தது. தங்கம் பிரித்தபின் கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டில் புல் முளைக்காது, எறும்பு ஊராது. சுரங்கத்தில் உழைத்தவனுக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அந்த மண்ணை மூட்டையில் அள்ளிவந்து, தன் நாய் படுக்கும் மூலையில் தூவி, தன் பக்கத்துச் சுவர் வெடிப்புகளில் விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தார். உண்ணி நின்றுபோனது. எங்கே போனது என்று அவர் யோசிக்கவில்லை. கொஞ்ச நாளில் தங்கம்மாவுக்குக் காய்ச்சல். உள்ளங்கையெல்லாம் சிவப்புப் புள்ளி.

"வீட்டாண்ட உண்ணி இருக்கான்னு டாக்டர் கேக்குறாரு மாமா," என்று அவள் மகள் ஸ்வீட்டி ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கேட்டாள்.

"ஒண்ணுகூட இல்லம்மா."

அந்தப் பதிலால் உண்ணிக் காய்ச்சலுக்கான சரியான ஊசி தாமதமானது. அதுவும் அவருக்குத் தெரியும்.

இன்று சாயங்காலம் மறுபடி போன். "அம்மா பொழச்சிட்டாங்க மாமா. கூட்டிக்கினு வரேன். கட்டில தட்டிப் போட்டு வைங்க." இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். வேறெதையோ கேட்டுவிட்டுப் போனை வைத்தார். தங்கம்மா வீட்டுச் சாவி அவரிடம்தான் இருந்தது.

கதவைத் திறந்தார். கரண்ட் இல்லை, மிச்ச வெளிச்சமும் வாசலோடு நின்றுகொண்டது. பூட்டிய வீட்டுப் புழுக்கம், நாயில்லாத வீட்டில் நாய் வாடை, அதற்கும் அடியில் நாக்கில் செம்புக்காசு வைத்ததுபோல் ஒரு வாடை. சுவரோரம் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் குவியல்கள். அவர் அடைத்த மண். தங்கம்மா வீட்டுப் பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது.

கட்டிலில் போர்வை. அதற்குள் யாரோ.

சுவரைப் பார்த்து, முழங்காலை மடக்கி. தங்கம்மா எப்போதும் படுப்பது அப்படித்தான்.

நுனியைத் தூக்கினார்.

புளியங்கொட்டைகள் என்று நினைத்தார். ஒன்றன்மேல் ஒன்று. உப்பி, வெளுத்து. அவற்றுக்குக் கால்கள் இருந்தன. கால்கள் அசைந்தன. உண்ணிகள். அந்தக் குவியலுக்குத் தோள் இருந்தது. இடுப்பு இருந்தது. மொத்தமும் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது.

வெளியே ஆட்டோ நின்றது.

"மாமா, கட்டிலு ரெடியா? அம்மாவால நிக்க முடியல."

வாயைத் திறந்தார். இதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். திருப்பியனுப்பிய மருந்து. மண். பொய்.

போர்வை நுனியைக் கீழே விட்டார்.

"ரெடிம்மா."

செருப்புச் சத்தம் வாசற்படி ஏறியது. போர்வைக்குள் இருந்தது மெல்ல அசைந்தது. சுவரோரமாக ஒதுங்கிப் படுத்து, தங்கம்மாவுக்கு இடம் விட்டது.