கொக்கி போட்ட கோடு

கோட்டின் முனையில் ஒரு சின்னக் கொக்கி இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி. முத்தையாபுரம் உப்பளங்களுக்கு நடுவில் உப்பு மூட்டை அடுக்கும் அந்தப் பழைய கிட்டங்கி தகரக் கூரையோடு சேர்ந்து வெந்துகொண்டிருந்தது. பெர்சி விமானத்தின் வாலுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அந்த நட்டையே பார்த்தான். நேற்று அவன் போட்டது நேர்கோடு. அவன் கை போடும் கோட்டில் கொக்கி விழாது.

கோடு என்றால் வேறொன்றுமில்லை, அவன் மனைவி ஜாயின் சிவப்பு நெயில் பாலிஷ்தான். ஒரு நட்டை இறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். நட்டு ஒரு மயிரளவு அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். விமானம் முழுக்க அப்படி அறுபத்திரண்டு கோடுகள். முறுக்குகிறவன் கோடு போடக் கூடாது, கோடு போடுகிறவன் முறுக்கக் கூடாது என்பது பெர்சி வைத்த சட்டம். இருபது வருஷம் துறைமுகத்தில் கிரேன் பார்த்தவன் வைத்த சட்டம். அவன் முறுக்குவான், ஜெயசிங் சரிபார்த்துக் கோடு போடுவான். ஜெயசிங்குக்கு இடது கைப் பழக்கம். தூரிகையை எடுக்கும்போது முனையில் ஒரு கொக்கி விழும்.

ஜெயசிங் அவனுடைய சகலை, ஜாயின் தங்கை புருஷன். கப்பலில் இன்ஜினியராக இருந்துவிட்டு ஊரோடு வந்தவன். நாசரேத்தில் மாமியார் வீட்டுக்குப் போனால் நெய்மீன் தலைத்துண்டு எப்போதும் அவன் தட்டில்தான் விழும். பெர்சிக்கு வால்துண்டு. இந்த விமானத்தின் ஒவ்வொரு ரிவெட்டும் பெர்சி அடித்தது. மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள், கோயிலுக்குக்கூடப் போகாமல். ஆனால் டெல்லியிலிருந்து வந்த அனுமதிக் கடிதத்தில் கட்டியவர் ஜெயசிங், ஓட்டுபவர் ஜெயசிங். பேப்பர்காரன் எடுத்த படத்தில் பெர்சியின் முழங்கை மட்டும் இருந்தது. விமானத்தில் இருப்பதோ ஒற்றை இருக்கை. முதல் பறப்பு வருகிற சனிக்கிழமை.

பெர்சிக்கு வயிறு எரிந்தது. அதை அவன் தனக்குத்தானே மறைத்ததில்லை.

அந்த எரிச்சலில்தான் நேற்று, திங்கட்கிழமை, ஜெயசிங் மெடிக்கல் டெஸ்டுக்காகச் சென்னைக்குப் போயிருந்தபோது அதைச் செய்தான். எலிவேட்டர் ராடின் நட்டு. மூக்கைத் தூக்குவதும் தாழ்த்துவதும் அந்த ராடுதான். பூட்டுக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, ஸ்பானரால் இடப்பக்கம் இரண்டு முழுச் சுற்று. கிரிக், கிரிக் என்று பல் பல்லாக நட்டு தளர்ந்தது. உடைந்த கோட்டைச் சுரண்டிவிட்டு, தன் சட்டத்தைத் தானே மீறிப் புதுக் கோடும் போட்டான். நேர்கோடு.

இப்போது நட்டு கல் மாதிரி இறுகியிருந்தது. பூட்டுக் கம்பி தன் இடத்தில் இருந்தது. கோட்டில் கொக்கி.

வெளியே வந்து போன் போட்டான்.

"ஏலே சிங்கு, எங்கல இருக்க?"

"சென்னையிலதாண்ணே. வியாழக்கிழமை ராத்திரிதான் ரயிலு. என்ன விஷயம்?"

"கிட்டங்கி சாவிய வேற யாருட்டயும் குடுத்தியா?"

"ரெண்டு சாவியும் உங்ககிட்டதானண்ணே இருக்கு? நீங்க இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியா வந்தேன்."

அந்த 'நிம்மதி' பெர்சிக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. உள்ளே போய் மறுபடியும் இரண்டு சுற்றுத் தளர்த்தினான். மறுபடியும் நேர்கோடு போட்டான். இந்த முறை கிட்டங்கிக் கதவில் வீட்டுப் பூட்டையும் சேர்த்துத் தொங்கவிட்டான்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது ஜாய் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னங்க இது? எம் பாலிஷ எடுத்து நீங்களே பூசிக்கிடுதீங்களோ?"

வலது கைச் சுண்டுவிரலின் முட்டியில், மேல் எலும்பிலிருந்து கீழ் எலும்பு வரை, ஒரு சிவப்புக் கோடு. வேலையில் பட்டிருக்கும் என்று சொல்லி மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தான். போகவில்லை. விளக்குக்கு அருகில் பிடித்துப் பார்த்தபோது முனையில் ஒரு கொக்கி தெரிந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

புதன்கிழமை நட்டு இறுகியிருந்தது. இரண்டு பூட்டும் பூட்டியபடியே இருந்தன. பெர்சி தரையில் உட்கார்ந்து, மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தகரத்தை அடிப்பதையும், உப்புத் தூள் சுவரில் சரசரவென்று உதிர்வதையும், பெட்ரோலும் பெயின்டும் வெயிலில் காய்ந்து வீசுகிற வாடைக்குள் இனிப்பாக நெயில் பாலிஷின் மணம் மட்டும் அப்போதுதான் பாட்டிலைத் திறந்ததுபோல் தனியாக எழுந்து வருவதையும் கவனித்துக்கொண்டிருந்தான். பாட்டில் அவன் சட்டைப் பையில் இருந்தது, மூடி இறுகி. எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் காலி.

பயம் வந்தது. ஆனால் பயத்தைவிடப் பொறாமைதான் பெரிதாக இருந்தது. தன் கையால் கட்டிய விமானம்கூட அந்தப் பயலைத்தான் காப்பாற்றுகிறதா? நெய்மீன் தலை அவனுக்கு, பேப்பர் படம் அவனுக்கு, இப்போது இதுவுமா? ஸ்பானரை எடுத்தான். இரண்டு சுற்று.

நட்டு கிரிக் என்றபோது அவன் மணிக்கட்டுக்குள்ளும் கிரிக் என்றது.

அன்று குளிக்கும்போது பார்த்தான். மணிக்கட்டில் ஒன்று. முழங்கையில் ஒன்று. இரண்டு முழங்காலிலும். எல்லாம் உடையாத, முழுக் கோடுகள். சோப்பு போட்டான், பிளேடால் சுரண்டினான். ரத்தம் வந்தது, கோடு போகவில்லை. யாரோ அவனை மூட்டு மூட்டாகச் சரிபார்த்துக்கொண்டு மேலே ஏறி வருகிறார்கள் என்று தோன்றியது.

வியாழக்கிழமை அவன் கிட்டங்கிக்குப் போகவில்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தான். ஃபேன் ஓடும் சத்தத்துக்குள் அந்தக் கிரிக் சத்தம் கேட்கிறதா என்று பகல் முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருந்தான். கேட்கவில்லை. ஜெயசிங்கிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தான். என்னவென்று சொல்வது? உன்னைக் கொல்லப் பார்த்தேன், உன் விமானம் விடவில்லை என்றா?

வெள்ளிக்கிழமை காலை ஜெயசிங் நேராக ஸ்டேஷனிலிருந்து வந்துவிட்டான். இருவரும் சேர்ந்து கோடுகளை எண்ணினார்கள். எலிவேட்டர் ராடின் நட்டில் கொக்கி போட்ட கோடு. ஜெயசிங் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அறுபத்திரண்டும் சரியா இருக்குண்ணே. இந்த ஊர்ல உங்க கை மாதிரி ஒரு கை கிடையாது. நீங்க இல்லன்னா இது தகரம்தான்."

மூன்று வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தான். இப்போது அது வந்தும் உள்ளே எரிந்தது அணையவில்லை. ஜெயசிங் டீ வாங்கப் போனான். அவன் ஸ்கூட்டர் சத்தம் தேய்வதற்குள் பெர்சியின் கையில் ஸ்பானர் இருந்தது. கடைசித் தடவை. இனி எண்ணப்போவதில்லை. இரண்டு சுற்று, நேர்கோடு.

அப்போது பிடரியில் ஏதோ பட்டது. சில்லென்று. ஈரமாக. சின்னத் தூரிகை. முடிவில் இடப்பக்கம் ஒரு சிறு இழுப்பு.

திரும்பினான். யாருமில்லை. நட்டைத் தொட்டுப் பார்த்தான். கல்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. உப்பளத்துக்குப் பின்னால் ரோலர் போட்டு இறுக்கிய மண்பாதையின் ஓரம் எல்லாரும் நின்றார்கள். மாமியார் கையில் பைபிள். ஜாயின் தங்கை தீபத்தின் கண்ணில் இப்போதே தண்ணீர், புருஷனை நினைத்து. பெர்சி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு முன்னால் நின்றான், ஜாய் அவனுக்குப் பின்னால். இரவு முழுக்கத் தூங்காததில் உப்புக் குவியல்களின் வெள்ளை கண்ணைக் குத்தியது. பெட்ரோல் வாசனை. இன்ஜின் உறுமியது.

விழுந்துவிடு என்று நினைத்தான். உடனே, விழாதே என்றும். எது உண்மை என்று அவனுக்கே தெரியவில்லை.

விமானம் ஓடியது. மூக்கைத் தூக்கியது. வெகு அழகாகத் தூக்கியது. எல்லாரும் கத்தினார்கள். அது அவர்கள் முன்னால் வலமிருந்து இடமாகக் கடந்து, கடல் பக்கம் ஏறியது.

"என்னங்க, காலருக்கு மேல பிடரியில என்ன சிவப்பா?" ஜாய் பின்னாலிருந்து கேட்டாள். "கோடு மாதிரி இருக்கு." கிட்டத்தில் வந்து பார்த்து, குரல் மாறி, "நடுவுல ஒடஞ்சிருக்குங்க. ரெண்டு பக்கமும் ஒட்டல."

பெர்சிக்கு அவள் பக்கம் திரும்பத் தோன்றவில்லை. விமானத்தை விட்டு அவன் கண்ணை எடுக்க முடியவில்லை. அது இடப்பக்கம் போனது. அவன் தலையும் இடப்பக்கம் போனது.

கிரிக்.

முகவாய் தோள் வரை வந்தது. நிறுத்தப் பார்த்தான். வலி இல்லை. விமானம் கடலுக்கு மேல் சின்னதாகப் போய்விட்டது, தலை மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது. கிரிக். தோளைத் தாண்டியது. உப்புக் குவியல்கள் நகர்ந்தன. கிட்டங்கி நகர்ந்தது.

கிரிக்.

ஜாயின் முகம் நேர் எதிரே வந்தது. அவள் வாய் திறந்திருந்தது. அவன் கால்கள் மண்பாதையைப் பார்த்தபடியே நின்றன, கைகள் கைதட்டத் தூக்கியபடியே அந்தப் பக்கம் இருந்தன. இரண்டு சுற்றில் அரைச் சுற்றுதான் ஆகியிருந்தது.

அவள் முகம் மெதுவாக நகர்ந்து போனது.